பழைய கணினிப் பெட்டியின் வரலாறு



2023ஆம் ஆண்டு இறுதியில், பள்ளி விடுமுறையின்போது, ஒரு தகப்பனார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கிள்ளானுக்குத் தெற்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுபவர். அவருடைய மகன் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். அப்போது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், பையன் கணினி வேணும்னு ஒத்தக்காலிலே நிக்கிறான். பாடத்துக்கு மட்டும்னா பள்ளிக்கூடத்துலே இருக்கிறது போதுமாம். கூட்டாளிங்களோட விளையாடுற கணினி வேணுமாம். கடையிலே மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளி சொல்றான். நான் என்ன செய்யட்டும்?"

அப்போது நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. இரண்டு மாத உழைப்பை முழுதாகக் கொடுத்தாலும் அந்தப் பெட்டி வராது. தவணைக்கு வாங்கலாம் என்று ஒருவரும், வட்டிக்குத் தருகிறேன் என்று இன்னொருவரும் அவரிடம் பேசியிருந்தார்கள். அந்த இரண்டாமவரை நினைத்துத்தான் நான் உடனே வாய் திறந்தேன். "அண்ணே, யாரிடமும் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய பாகங்களை வாங்கி நாமே சேர்த்துப் பார்ப்போம்" என்றேன்.

அவர் சிரித்தார். "சைக்கிள் மாதிரியா டீச்சர்?" என்றார்.

சைக்கிள் மாதிரியேதான். நம் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சைக்கிளின் சட்டம், இன்னொன்றின் சக்கரம், மூன்றாவதன் சங்கிலி என்று லயத்தின் பின்புறம் கிடந்தவற்றைச் சேர்த்து என் தகப்பனார் ஓட்டிய சைக்கிளில்தான் நான் பள்ளிக்குப் போனேன். ஒன்றின் சக்கரம் இன்னொன்றின் சட்டத்திற்குப் பொருந்தியதே, அதனால்தான் அது நடந்தது. கணினியின் பாகங்களும் அவ்வாறே ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆனால் அவை தொடக்கத்திலேயே பொருந்திவிடவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் பையனிடம் வருகிறேன்.

நம் நாட்டிற்குக் கணினி முதன்முதலாக வந்தது 1966ஆம் ஆண்டில். தேசிய மின்சார வாரியம் ஐபிஎம் 1401 என்னும் இயந்திரத்தைத் தருவித்தது. ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் இயந்திரம் அது. அந்தக் காலத்துக் கணினிகள் ஒவ்வொன்றும் ஒரு தனிச் சாதி. ஒரு நிறுவனத்தின் கணினிக்குரிய பாகம் மற்றொரு நிறுவனத்தின் கணினியில் ஏறாது. பழுதானால் செய்தவனே வந்து பார்க்க வேண்டும்.

1977இல் அமெரிக்காவில் ஆப்பிள் 2 என்னும் சிறு கணினி வெளிவந்தது. மேசை மேல் வைக்கத்தக்கது. மூடியைத் திறந்தால் உள்ளே எட்டுப் பொருத்துவாய்கள் இருந்தன. வேண்டிய பலகையை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். ஆயினும் பெரிய திருப்பம் 1981 ஆகஸ்டு மாதத்தில் வந்தது. ஐபிஎம் நிறுவனம் தன் சொந்தக் கணினியை அவசர அவசரமாக, ஏறத்தாழ ஓராண்டில் உருவாக்கியது. எல்லாவற்றையும் தானே செய்ய நேரமில்லை. ஆகவே செயலியை இன்டெல்லிடமும், இயக்க நிரலை மைக்ரோசாப்டிடமும் வாங்கியது. மற்றப் பாகங்களும் பெரும்பாலும் வெளியில் கிடைப்பவையே. போதாக்குறைக்கு, அதன் அமைப்பு முழுவதையும் விளக்கும் தொழில்நுட்பக் கையேட்டையும் விற்றது.

அப்படியானால் எவரும் அதே கணினியைச் செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றே ஒன்று தடுத்தது. கணினியை முடுக்கியதும் முதலில் விழித்துக்கொள்ளும் ஒரு சிறு நிரல் உண்டு, பயாஸ் என்பார்கள். அதன் உரிமை ஐபிஎம்முடையது. அதைப் பார்த்து எழுதினால் வழக்கு வரும். 1982இல் தொடங்கப்பட்ட காம்பேக் என்னும் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு குழுவினர் ஐபிஎம் நிரலை ஆராய்ந்து, அது என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் எழுதினார்கள். மூல நிரலைக் கண்ணாலும் பாராத வேறொரு குழுவினர், அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதே வேலையைச் செய்யும் நிரலைப் புதிதாக எழுதினார்கள். பக்கத்து வீட்டுக் குழம்பைச் சுவைத்தவர் ருசியைச் சொல்ல, சமையற்கட்டையே பாராத இன்னொருவர் தம் கைப்பக்குவத்தில் வைத்ததைப் போன்றது. திருட்டும் இல்லை, குழம்பும் வந்துவிட்டது. 1984இல் பீனிக்ஸ் என்னும் நிறுவனம் இப்படி எழுதிய நிரலைக் கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. அதன் பிறகு தடையில்லை. தைவானிலும் பிற இடங்களிலும் ஐபிஎம்முக்கு ஒத்த கணினிகள் குவிந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே பொருத்துவாய்.

அந்தக் கணினிகள் கோலாலம்பூருக்கும் வந்தன. புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் இம்பி பிளாசா என்னும் வளாகம் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் கணினிக் கடைகளுக்குப் பேர்போனது. 1999இல் அதன் அருகிலேயே லோ யாட் பிளாசா திறக்கப்பட்டதும், வியாபாரம் மெல்ல அங்கே பெயர்ந்தது. இதற்கிடையே 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் பொது அளவை வகுத்தது. தாய்ப்பலகையின் திருகாணி எந்த இடத்தில் வரவேண்டும், மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். அந்த அளவில் செய்த பெட்டியில், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு செய்த பலகையும் பெரும்பாலும் உட்காரும். சில பெரிய நிறுவனங்கள் மட்டும் தங்கள் அலுவலகக் கணினிகளுக்கு வேறு விதமான மின் இணைப்பு வைப்பதுண்டு. பழைய பெட்டி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது அமெரிக்காவின் கதை. இந்தக் கதையில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் புத்தகங்களில் அதிகம் எழுதுவதில்லை என்பதால் இங்கே சற்று நிற்கிறேன்.

1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கு பாயான் லெப்பாஸில் அமைத்தது. அதே காலத்தில் நம் சிலாங்கூரில், பெட்டாலிங் ஜெயாவை அடுத்த சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரத்தில் மோட்டோரோலா முதலிய நிறுவனங்களின் ஆலைகள் எழுந்தன. மூன்று நேர வேலைக்கும் பெண்கள் தேவைப்பட்டார்கள். தொழிற்சாலைப் பேருந்துகள் கம்பங்களுக்குச் சென்றன; தோட்டங்களின் முகப்பிலும் வந்து நின்றன. பால்வெட்டுக்குப் போயிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் அதில் ஏறினார்கள்.

என் சின்னம்மா அவர்களில் ஒருவர். 1980களில், பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்தில் ஒட்டும் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு சில்லு என்று கணக்கு உண்டு. அவர் செய்த சில்லு எந்தப் பொருளுக்குள் போகிறது என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. திருமணத்திற்கு முன்பே கண்ணாடி போட்டுக்கொண்டார். பிற்காலத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமும் பெட்டாலிங் ஜெயாவில் கணினியின் வன்தட்டுகளைச் செய்தது. அந்த ஆலையை மூடப்போவதாக 2018இல் அறிவித்து, அவ்வாறே மூடியது. ஆகவே நேயர்களே, பழைய கணினியைத் திறந்து உள்ளே பார்த்தால், நம் நாட்டுப் பெயர் பொறித்த பாகம் ஒன்றாவது கண்ணில் படும்.

செய்தவர்கள் வீட்டிற்குக் கணினி வந்ததா? வரவில்லை. 1996இல் அரசாங்கம் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. கோலாலம்பூரின் தெற்கே சைபர்ஜெயா எழுந்தது. அதை ஒட்டிப் புத்ராஜெயா எழுந்தது. புத்ராஜெயா நிற்கும் மண் முன்பு பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய ஆங்கிலேயப் படையினர் அமைத்த ரப்பர்த் தோட்டம் அது. அங்கும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. நாட்டின் கணினி நகரம் எழுந்த வட்டாரத்திலிருந்து, கணினியே இல்லாத வீடுகளுக்குப் போனார்கள் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

எவ்வளவு இல்லை என்பது 2020இல் வெட்டவெளிச்சமாயிற்று. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சு அப்போது எடுத்த கணக்கெடுப்பில், மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரிந்தது. மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். என் வகுப்புப் பிள்ளைகள் தகப்பனாரின் கைப்பேசி வீடு திரும்பும்வரை காத்திருந்து, இரவு எட்டு மணிக்குப் பாடம் எழுதி அனுப்பினார்கள். நான் சொன்ன பையனும் அவர்களில் ஒருவன். அப்போது அவன் ஆறாம் ஆண்டு.

இனி, நாங்கள் சேர்த்த கணினிக்கு வருகிறேன்.

அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தங்கள் கணினிகளை மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவற்றை வாங்கித் துடைத்து விற்கும் கடைகள் கிள்ளானிலும் இருக்கின்றன. அப்படி ஒரு பெட்டி 250 வெள்ளிக்குக் கிடைத்தது. உள்ளே இன்டெல் ஐ5-3470 செயலி. 2012ஆம் ஆண்டுச் சரக்கு. நினைவகம் 8 கிகாபைட். சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு, அதனிடத்தில் சுழலாத எஸ்எஸ்டி தட்டு ஒன்றைப் புதிதாகப் போட்டோம், 80 வெள்ளி. பழைய கணினி ஆமை போல நகர்கிறது என்று சொல்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். திரை, பிரிக்பீல்ட்ஸில் காலி செய்யப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து 90 வெள்ளிக்கு வந்தது. பையன் அதைத் தகப்பனாரின் கைலியில் சுற்றி, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, கிள்ளான்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். தட்டச்சுப் பலகையும் சுட்டியும் 40 வெள்ளி.

இதுவரை சேர்த்தது பாடத்திற்குப் போதும். விளையாட்டிற்குப் போதாது. ஏன் என்று அவன் தகப்பனார் கேட்டார். நான் தோட்டத்தை வைத்தே சொன்னேன். திரையில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. விளையாட்டு தடையின்றி ஓட, அத்தனை புள்ளிகளுக்கும் நொடிக்கு அறுபது தடவை நிறம் தீட்ட வேண்டும். செயலி என்பது ஆபீஸ் கிராணியைப் போன்றது. கடினமான கணக்கையும் போடும். ஆனால் இந்தச் செயலிக்குள் இருப்பது நான்கே கிராணிகள். நூறு ஏக்கர் புல் வெட்ட நான்கு கிராணிகளை அனுப்பினால் ஆகுமா? அதற்கு ஆட்கள் வேண்டும். படம் வரையும் கார்டு என்பது அந்த ஆட்கூட்டம். நாங்கள் வாங்க நினைத்தது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2016இல் வந்தது. அதற்குள் 768 ஆட்கள். ஒவ்வொருவரும் சிறிய வேலைதான் செய்வார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் செய்வார்கள். அன்றியும் அது 75 வாட் மின்சாரத்திற்குள் அடங்கும், பொருத்துவாயிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அலுவலகப் பெட்டியின் சிறிய பவர் சப்ளைக்கு ஏற்றது.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். இணையத்தில் ஒருவர் 180 வெள்ளிக்கு விற்றார். படம் நன்றாக இருந்தது. பெயரும் சரியாக இருந்தது. நான்தான் வாங்கச் சொன்னேன். பொருத்தினோம். கணினியும் 1050 டிஐ என்றே காட்டியது. விளையாட்டைத் தொடங்கியதும் படம் திக்கித் திக்கி நின்றது. பையன் இரவெல்லாம் தேடிப் படித்து, ஜிபியு-இசட் என்னும் இலவச நிரலை இறக்கிச் சோதித்தான். போலி என்று அது சொல்லிவிட்டது. பல ஆண்டுப் பழைய சில்லை எடுத்து, அதன் நினைவில் புதிய பெயரை எழுதி விற்றிருக்கிறார்கள். விற்றவரைத் தேடினால் ஆளைக் காணோம்.

பாதியை நான் தருகிறேன் என்று சொன்னேன். தகப்பனார் வாங்க மறுத்துவிட்டார். "பரவாயில்லை டீச்சர். ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போனேன், சம்பளம் வரலேன்னு நினைச்சிக்கிறேன்" என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பையனும் ஒரு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு மூவரும் லோ யாட் பிளாசாவுக்கே போனோம். கடைக்காரர் எங்கள் கண்முன்னே கார்டைப் பொருத்தி, அதே சோதனை நிரலை ஓட்டிக் காட்டினார். 220 வெள்ளி. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்காசு இந்தக் கார்டுகளைக் கொண்டு உண்டாக்கும் முறையைக் கைவிட்டது முதல், பழைய கார்டுகளின் விலை இறங்கியிருந்தது எங்களுக்கு நல்லதாயிற்று. கணக்குப் பார்த்தால் கணினிக்கு 680 வெள்ளி. ஏமாந்த 180ஐயும் கூட்டினால் 860.

சேர்த்த நாளில் என் சின்னம்மாவும் உடனிருந்தார். பெயின்டு அடிக்கும் தூரிகையால் பையன் தூசு தட்டினான். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்க விடவில்லை. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். செயலியின் மேல் காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையைத் துணியால் துடைத்தபோது, உலோகத்தில் பொறித்த எழுத்துகள் தெரிந்தன. சின்னம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, செயலியை மூக்கருகே பிடித்துப் படித்தார். எண்களுக்குக் கீழே ஆங்கில எழுத்தில் "மலாய்" என்று இருந்தது. மலேசியாவில் பூட்டப்பட்டது என்பதற்கு இன்டெல் இடும் குறி அது.

"நம்ம ஊரு சாமானா?" என்றார்.

"ஆமாம் பாட்டி" என்றான் பையன். பிறகு அவர் கையிலிருந்து வாங்கி, புதிய பசையைப் பயறளவு வைத்து, விசிறியைப் பொருத்தினான்.

அந்தக் கணினியில் அவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். விளையாடினான். டோட்டா 2 என்னும் விளையாட்டு; ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். 2018இல் கோலாலம்பூரிலேயே அதற்கு அனைத்துலகப் போட்டி நடந்தது. விளையாட்டு நேரத்தைப் பற்றி வீட்டில் சண்டையும் நடந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் இல்லை என்று தகப்பனார் சட்டம் போட்டார். பல நாள் மீறப்பட்டது. ஆனால் அதே பையன் அடுத்த ஆண்டிற்குள் அண்டை வீட்டுக் கணினிகள் மூன்றைத் திறந்து பழுது பார்த்திருந்தான். தங்கை பள்ளிப் பயிற்சிகளை அதில்தான் செய்கிறாள்.

2025 அக்டோபர் 14ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, 2012ஆம் ஆண்டுச் செயலியை ஏற்பதில்லை. செயலி தேய்ந்துவிடவில்லை, நிரல்தான் அதைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. இந்த நியாயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பையன் அப்போது ஐந்தாம் படிவம். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டான். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்த இயக்க நிரல் அது; காசில்லை. டோட்டா ஓடுகிறது. வேறு சில விளையாட்டுகள் ஓடுவதில்லை, அவற்றை விட்டுவிட்டான்.

அந்தப் போலிக் கார்டு இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. சாமி படத்திற்குக் கீழே உள்ள அலமாரியில், துருப்பிடித்த சைக்கிள் மணி ஒன்றோடு அதையும் தகப்பனார் வைத்திருக்கிறார். ஏன் எறியவில்லை என்று சென்ற முறை கேட்டேன்.

"விசிறி நல்லா சுத்துது டீச்சர். எதுக்காவது ஆகும்" என்றார்.